கணினியும் சாவிக்கொத்தும்

பள்ளி மாணவர்க்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கியது. அத்திட்டத்தின்கீழ் எம் தமக்கையார் பெற்றதே, காளையார்கோவிலிலுள்ள எம் இல்லம் புகுந்த முதற் கணினி. தந்தையார், தமக்கையார், யாம், தம்பி ஆகிய நால்வரும் கடவுச்சொல் எதுவுமின்றி ஒரே கணக்கில் அதனைக் கையாண்டு வந்தோம். அது நிர்வாகிக் கணக்கு என்பதையும் அறிந்திலேம்.

ஒருநாள் தம்பி விளையாட்டென்று நம்பி ஒரு நிரலை நிறுவினான். கணினி ஒப்புதல் கேட்டது. படியாமலே 'ஆம்' என்றான். அதுவோ கோப்புகளை மறைக்குறியாக்கிப் பணங்கேட்கும் தீநிரல். தந்தையாரின் வரவுசெலவு ஏடுகளும், தமக்கையாரின் திருமணப் படங்களும், எம் கட்டுரைகளும் ஒருங்கே கைவிட்டுப் போயின. தம்பியைச் சினந்து பயன் என்னை? பிழை எம் எல்லோருடையதுமே.

எந்நிரலும் தன்னை இயக்குபவரின் அதிகாரத்தையே தானும் பெறுகின்றது. நிர்வாகியின் ஒப்புதல் பெற்ற நிரல் கணினியின் காவல் ஏற்பாடுகளையும் நிறுத்தவல்லது. பிறர் கோப்புகளிலும் கைவைக்கவல்லது. சாதாரணப் பயனர் இயக்கும் நிரலோ பெரும்பாலும் அவர்தம் எல்லைக்குள்ளேயே அடங்கும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, நிறுவும்போதே அமைக்கும் கணக்குகளை நிர்வாகிக் கணக்குகளாக்கிற்று. அடுத்து வந்த விஸ்டா, நிர்வாகியையும் குறைந்த அதிகாரத்தோடு நடக்கவைத்து, பெருமாற்றங்களுக்கு மட்டும் ஒப்புதல் கேட்கலாயிற்று.

காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளைக் கண்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும். வளவு யாவர்க்கும் பொது. அதனைச் சூழ்ந்த அறைகளோ, மணமான மைந்தர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி. ஓரறையிற் புகுந்த கள்வனுக்கு மற்றையறைகள் திறவா.

இப்பொழுது எம் கணினியில் நால்வர்க்கும் நான்கு சாதாரணக் கணக்குகள்; நிர்வாகிக்கென ஐந்தாவதொன்று தனியே. "என்மேல் நம்பிக்கை இல்லையா, அண்ணா?" என்று தம்பி வருந்தினான். "தந்தையார்க்கும் எனக்கும் இதே கணக்குத்தான், தம்பி" என்றோம், அமைதியுற்றான். எனினும், ஒருவர் தம் கணக்கிலுள்ள தம் கோப்புகளைத் தாமே இழத்தல் கூடும். ஆதலின் வாரந்தோறும் படியெடுத்துத் தனி வட்டில் வைத்து, அதனைக் கணினியினின்று கழற்றி வைக்கின்றோம்.

நிர்வாகிக் கடவுச்சொல் எழுதிய தாள், கணினியைப் பயன்படுத்தாத எம் அன்னையாரிடம் உள்ளது. யார் கேட்பினும், "எதற்கு?" என்று வினவிய பின்னரே தருவார். அவ்வொரு வினாவே எமக்கு அன்று இல்லாதிருந்த காவல்.