ஓட்டை போடாமல் ஒரு பாட்டு

சென்னை புதுப்பேட்டையில் கடைகளுக்கு வெளியே கார் கதவும் பம்பரும் இன்ஜினும் நடைபாதைவரை குவிந்து கிடக்கும். வண்டிகளைப் பிரித்து விற்பதற்குப் பெயர்போன இந்தப் பேட்டையின் உட்சந்து ஒன்றில், கீறல் விழாமல் காப்பாற்ற வேண்டிய வண்டி ஒன்று நின்றது: 1960களில் வந்த மார்க் 2 அம்பாசடர். பெஞ்சு போன்ற அதன் முன்சீட்டைக் கழற்றி வெளியே சாய்த்திருந்தார்கள். நான் போனபோது, ஆடியோ பொருத்தும் மாஸ்டர் வண்டிக்குள் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

உரிமையாளரின் நிபந்தனை எளிது. “பாட்டு கேக்கணும் மாஸ்டர். ஸ்பீக்கர் கண்ணுல படக் கூடாது. பாடியில ஓட்டை விழக் கூடாது.”

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி 50 ஆண்டைக் கடந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்யலாம். பதிவு எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. தகட்டை வெட்டிவிட்டுப் பிறகு யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க அவர் தயாராக இல்லை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014இலேயே நின்றுவிட்டது. கதவின் உட்புறத்தை மூடும் டோர் பேடு ஒன்று உடைந்தால்கூட, நல்ல நிலையில் இன்னொன்று கிடைக்க அலைய வேண்டும்.

சாதாரணக் காரில் ஸ்பீக்கரின் இடம் கதவுதான். மாஸ்டர் கதவைத் தொடவில்லை. பழைய டோர் பேடு என்பது ரெக்சின் ஒட்டிய ஹார்ட்போர்டு. வட்டமாக வெட்டிவிட்டால் வெட்டியதுதான். கண்ணாடி கீழே இறங்கி வரும் தடமும் உள்ளேதான் இருக்கிறது. போதாக்குறைக்குக் கண்ணாடி ஓரமாக வழியும் மழைநீர் கதவுக்குள்ளேயே இறங்கி அடித்துளைகள் வழியாக வெளியேறும். காகிதக் கூம்பு கொண்ட ஸ்பீக்கர் அங்கே எத்தனை மழைக்காலம் தாங்கும்?

ஆகவே அவர் தேர்ந்தெடுத்தது முன்புறம் உட்காருபவரின் கால்மாட்டுப் பக்கச் சுவர். ஒரு அட்டையை அங்கே வைத்து அழுத்தி, வளைவுக்கு ஏற்ப ஓரத்தைக் கத்தரித்து அளவெடுத்தார். அந்த அளவில் ப்ளைவுட்டில் மெல்லிய பெட்டி. அதற்குள் நாலு இஞ்ச் ஸ்பீக்கர், முகம் எதிர்ப்பக்க இருக்கையின் தலை உயரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். பெட்டி எதற்கு என்று கேட்டபோது அவர் ஸ்பீக்கரைக் கையில் பிடித்தபடியே பாட விட்டார். ஓசை தகரமாக ஒலித்தது. கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அடித்துவிடுவதால், தாழ்ந்த சுரங்கள் காணாமல் போகின்றன. பெட்டியில் வைத்து மூடியதும் அதே ஸ்பீக்கரில் தபேலா கேட்டது.

அடுத்தது மறைப்பு. ரெக்சின் போர்த்தினால் ஹை சுரங்கள் செத்துப்போகும். உதவியாளர் தம்பி பழைய கார்ப்பெட் நிறத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் துணிகள் சிலவற்றைக் கொண்டுவந்தான். மாஸ்டர் ஒவ்வொன்றையும் வாயருகே பிடித்து ஊதினார், மறுபக்கத்தில் விரல். காற்று தாராளமாகப் பட்ட துணி மட்டும் தேறியது. “மூச்சு போச்சுன்னா சத்தமும் போகும் சார்” என்றார்.

பேஸ் வேலைக்கு இன்னொரு சூத்திரம். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது. அதனால் சப்வூஃபரை எங்கே ஒளித்தாலும் பாதகமில்லை. முன்சீட்டுக்கு அடியில், உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வைத்த தட்டையான பெட்டி போனது. பழைய ரேடியோவை அவர் அசைக்கவில்லை. அது பாடாது, முகப்பு மட்டும் அழகுக்கு இருக்கும். பாட்டு போனிலிருந்து புளூடூத் வழியாக வரும்.

ஒயர் விஷயத்தில்தான் மாஸ்டர் யாரையும் நம்புவதில்லை. துணி சுற்றிய பழைய ஒயர்களில் எதையும் வெட்டி இணைக்காமல், பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்தார். பேட்டரி அருகிலேயே ஃபியூஸ். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வர ஏற்கெனவே இருந்த துளையையும் அதன் ரப்பர் வளையத்தையுமே பயன்படுத்தினார். அதற்கும் முன்னால் மீட்டர் வைத்துப் பார்த்தது, பாடியோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் எந்த முனை என்று. 1960களின் நடுப்பகுதிவரை வந்த பல பிரிட்டிஷ் கார்களிலும் அவற்றின் வழிவந்த வண்டிகளிலும் பாசிட்டிவ் முனைதான் எர்த். இன்றைய ஆம்பை அப்படியே இணைத்தால் புகைதான் வரும். இந்த வண்டியில் யாரோ முன்பே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருந்தார்கள்.

“தம்பி, அந்தச் செல்லை எடு.” ஒரு சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரி செல். ஸ்பீக்கர் ஒயரில் தொட்டதும் கூம்பு வெளிப்பக்கம் துள்ளியது. மறுபக்க ஸ்பீக்கரில் தொட்டபோது உள்ளே போனது. ஒயர் மாறியிருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் இரண்டும் எதிரெதிராக வேலை செய்து பேஸைத் தின்றிருக்கும். தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றிப் பூட்டினான்.

மாலையில் பாட்டு வந்தது. உரிமையாளர் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போக, மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். பழைய டைனமோ முழு வேகத்தில் தருவதே சுமார் 20 ஆம்பியர்தான். ஹெட்லைட்டுக்கு மட்டும் ஏழெட்டு ஆம்பியர் போய்விடும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தராது. “சிக்னல்ல நின்னா சவுண்டைக் குறைச்சிக்குங்க சார். இல்லேன்னா காலைல தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்.”

கழற்றிய திருகு, கிளிப் எல்லாம் பெயர் எழுதிய பைகளில் டிக்கிக்குப் போயின. வாசலில் அடுத்த வேலைக்கு ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காத்திருந்தது. 1967க்கு முந்தைய மாடல். அதில் இருப்பது ஆறு வோல்ட். பன்னிரண்டு வோல்ட் ஆம்ப் அதில் நேரடியாக ஓடாது. மின்னழுத்தத்தை ஏற்றும் கன்வெர்ட்டர் போடுவதா, ஆம்புக்கென்று தனி பேட்டரி வைப்பதா என்று உரிமையாளரைக் கேட்டுச் சொல்லும்படி தம்பியை அனுப்பிவிட்டு, மாஸ்டர் அம்பாசடரின் முன்சீட்டைத் தூக்க ஆள் தேடினார்.