ஒரு மாணவனிடம் கேட்ட மன்னிப்பு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

பாடசாலை நாடகத்துக்குப் பின்னணி இசை தேவைப்பட்டது. தரம் 10 மாணவன் ஒருவன் பென்டிரைவில் கொண்டுவந்து தந்தான். போட்டுக் கேட்டால் அசல் எலக்ட்ரிக் கிற்றார்! கற்பிட்டிப் பக்கம் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை, வீட்டில் கிற்றார் கிடையாது. "நெட்ல எடுத்ததுதானே?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டோம். அவன் பேசாமல் போய்விட்டான்.

மறுநாள் காக்காவின் பழைய லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பாருங்க சேர்" என்று திறந்து காட்டினான்.

கீபோர்டில் எல்லாச் சுரமும் ஒரே நேரத்தில் விழும். கிற்றாரில் கை ஆறு கம்பிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தொடும். அதனால் ஒவ்வொரு சுரத்தையும் ஒரு நொடியின் நூறில் ஒன்றிரண்டு பங்கு தள்ளித் தள்ளி வைத்திருந்தான். கீழ்நோக்கி அடித்தால் தடித்த கம்பி முதலில், மேல்நோக்கி அடித்தால் மெல்லிய கம்பி முதலில். அழுத்தத்துக்கு 1 முதல் 127 வரை அளவு உண்டாம். எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்தால் பொம்மைச் சத்தம்தான் வருமாம். எலக்ட்ரிக் கிற்றாரின் கம்பி தனியே முணுமுணுக்கத்தான் செய்யும். அதற்கு உருவம் கொடுப்பது ஆம்பும் ஸ்பீக்கர் பெட்டியும். அவை இரண்டையும் போலச் செய்யும் இலவச மென்பொருளையும் சேர்த்திருந்தான்.

பிறகு ஒன்று சொன்னான். இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே பதிவைக் கொப்பி பண்ணிப் போட்டால் சத்தம் விரியாது, நடுவிலேயே நிற்கும். அதனால் இரண்டையும் வெவ்வேறாக, சின்னச் சின்னப் பிசகுகளோடு செய்திருக்கிறான். "கொப்பி பண்ணினா சரிவராது சேர்." எங்களுக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை.

இசை பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடுகளை நாங்கள் அறிவோம். இந்தப் பதிவு அதற்கல்ல. சிறாம்பியடியில் போத்தலிலும் சிரட்டையிலும் தாளம் போட்டு மஞ்சா பாடும் மக்கள் வாழும் மாவட்டம் இது. இல்லாததை வைத்து உண்டாக்குவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அப்படியிருந்தும், ஏழைப் பிள்ளை நன்றாகச் செய்தால் திருடியிருப்பான் என்று எங்கள் மனம் எவ்வளவு சீக்கிரம் போய்விட்டது! கெட்ட எண்ணம் கொள்ளாதீர்கள் என்று வகுப்பில் பாடம் சொல்லுகிற நாங்கள்தான்.

எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தியதற்கு, அதே வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். அவன் கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டுக் கேட்டான்: "நாடகத்துக்கு மழைச் சத்தமும் வேணுமா சேர்?"