ரஜூலா கதையில் ஒரு திருத்தம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு ரஜூலா கப்பல் கதை மனப்பாடமாக இருக்கும். மழை பெய்து ஓடு ஒழுகினால் எல்லாரையும் ஒரு மூலையில் நெருக்கி உட்காரவைத்து அதைத்தான் சொல்வேன். 1966இல் எனக்கு எட்டு வயது. பினாங்கில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பாவிடம் போக, அம்மா, அக்கா, நான் மூவரும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். அங்கே கப்பல் கரைக்கு வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், அலை தூக்குகிற நேரம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். நான் அதை நடித்துக் காட்டியதும் நீங்கள் சிரித்ததும் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. மேலே துரைமார்களுக்கு அறைகள். எங்களுக்கு டெக் டிக்கெட். பாயை விரித்த இடம்தான் வீடு. நான் பகலெல்லாம் ஓடித் திரிந்தேன், பறக்கும் மீன் பார்த்தேன். பக்கத்துப் பாய்க்காரர் முறுக்கு கொடுத்தார். பாதிக் கப்பல் எனக்கு மாமா, அத்தை ஆகிவிட்டது. இவ்வளவுதான் நான் சொன்ன கதை.

சமீபத்தில் என் மகன் எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு சொகுசுக் கப்பலில் டிக்கெட் எடுத்தான். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இரண்டு இரவு கடலில் சுற்றிவிட்டு அங்கேயே வந்து இறங்குவது. பெரியம்மாவும் வரட்டும் என்று அக்காவுக்கும் சேர்த்தே எடுத்துவிட்டான். குடும்பக் குழுவில் ஒரு வாரம் பட்டிமன்றம். சிங்கப்பூர் மருமகன், ஒருமுறை போனால் விடமாட்டீர்கள் என்றார். சித்தப்பா மகன், அந்தக் காசுக்குக் காசிக்கே போய் வரலாம் என்றான். நான் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

போனேன். குறை சொல்லிக்கொண்டேதான் போனேன். இது கப்பலா, மிதக்கிற கல்யாண மண்டபமா? பாட்டுச் சத்தத்தில் கடல் சத்தமே கேட்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் இருப்பவர் முகம் நிமிர்வதே இல்லை, கையில் போன். தயிர்சாதம் மட்டும் நன்றாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது.

அக்காவோ அறைக்குள் போனதும் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுத் திறந்து, மறுபடியும் தாழ்போட்டுப் பார்த்தாள். எழுபத்திரண்டு வயதில் என்ன விளையாட்டு என்று கேலி செய்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் நாங்கள் இருவரும் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். ஊரிலிருந்து ஊருக்குப் போனால்தான் அது கப்பல், இது எங்கேயும் போகாமல் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது, ரஜூலா மாதிரி வருமா என்று.

"உனக்கென்னடா தம்பி, நீ ஆம்பளப் புள்ள, ஓடித் திரிஞ்ச. எனக்குப் பதினாலு வயசு. அம்மா புடவையக் கட்டி மறைச்சு, அதுக்குள்ளயே உக்கார வச்சிருந்துச்சு. கக்கூஸுக்குப் போகணும்னா அம்மாதான் கூட வரணும். அம்மா எந்திரிச்சா பெட்டியப் பாத்துக்க ஆளில்ல. உன்னத் தேடுனா நீ கண்ணுலயே பட மாட்ட. நான் சோறு தண்ணி குடிக்கவே பயந்துகிட்டு வந்தேன். அந்த ரஜூலாவ நீயே வச்சுக்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. அக்கா நிறுத்தவுமில்லை.

"திரும்பி வந்தது ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. 1968இல் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் அதே ரஜூலாவில் திரும்பினோம். இவ்வளவும் எனக்குத் தெரியும், பாடத்தில் படித்த மாதிரி. கப்பலில் நாலு நாள் அப்பா யாரோடும் பேசவில்லையாம். போகும்போது டிக்கெட்டுக்காக அம்மா விற்ற வளையலை மீட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியே கூட்டிப்போனாராம். வரும்போது கழுத்துச் சங்கிலியும் இல்லை. நாகப்பட்டினத்தில் படகில் இறங்கும்போது அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டது வெயிலுக்காக இல்லை என்றாள் அக்கா.

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னவன், ஒருநாளாவது அக்காவிடம் கேட்டிருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "எங்கயும் போவாம திரும்பி வருதுன்னு குறை சொல்றியே, எனக்கு அதுதான்டா புடிச்சிருக்கு. யாரும் யாரையும் விட்டுட்டுப் போவல பாரு."

ரஜூலாவை 1974இல் உடைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்தப் பழைய கப்பல் வழியும் அத்தோடு போயிற்று. பாட்டுச் சத்தம் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. அக்கா மட்டும், பொங்கல் கழிந்ததும் இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டிருக்கிறாள். இந்த முறை டிக்கெட் என் செலவு.

மழை நாள் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் யாராவது இருந்தால், அந்தப் புடவை மறைப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பதினாலு வயசுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.