மலையும் மணலும் – 3: தேயிலை இறங்கிய வழி

மூணாறுக்கு ஒரு காலத்தில் தலைவாசல் போடிநாயக்கனூர்தான். கொச்சியிலிருந்து நேரியமங்கலம், அடிமாலி என்று ஏறி வருகிறவர்களுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். சென்ற வாரம் நாமும் அப்படித்தான் வந்தோம். ஆனால் அந்தப் பாதை 1924 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு உருவானது. மலையாளத்தில் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்கிறார்கள். கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் அந்தப் பெயர். அது ஆலுவாவிலிருந்து வந்த பழைய மலைப்பாதையையும், மூணாறில் ஓடிக்கொண்டிருந்த ரயிலையும் சேர்த்தே அழித்தது.

ஆம், மூணாறில் ரயில் ஓடியது. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில், மாடு இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908இல் குறுகிய பாதையில் நீராவி எஞ்சின் இழுக்கும் ரயிலாக மாறியது. குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாகத் தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து அது மேல் ஸ்டேஷனுக்குப் போகும். டாப் ஸ்டேஷன் என்று இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் இடம் அதுதான். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி பெட்டிகள் தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடி, போடியிலிருந்து அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம், அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகம், அதன்பின் லண்டன். தேயிலை இப்படி இறங்கிய வழியில்தான் ஆட்கள் ஏறினார்கள். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த குடும்பங்கள் பானை, பாய், பிள்ளைகளோடு நடந்தே மலையேறின. மூணாறு கடைத்தெருவில் இன்றும் காதில் விழுவது பாதிக்குமேல் தமிழ்தான்.

இந்தச் சாலையை நான் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். எங்கள் கறம்பக்குடி வட்டாரத்தில் மூணாறுக்குப் போனவர்கள் குறைவு. 'கண்டிக்குப் போனவர்கள்' அதிகம். இலங்கைத் தேயிலைத் தோட்டம் எதுவானாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது கண்டிச் சீமைதான். அவர்கள் போன வழி தனுஷ்கோடி. பழைய தேசிய நெடுஞ்சாலை 49 கொச்சியில் புறப்பட்டு, மூணாறு மலையேறி, போடிக்கு இறங்கி, மதுரை கடந்து, தனுஷ்கோடி மணலில் முடிந்தது. மலைப் பக்கம் தேயிலைத் தோட்டம். மறுமுனையில் இன்னொரு தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறும் துறை. வரைபடத்தில் இதைக் கண்ட நாளிலிருந்து இந்தச் சாலை முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

மூணாறில் தேனி பஸ் ஏறினேன். தேவிகுளம் தாண்டியதும் கேப் ரோடு. ஒருபுறம் செங்குத்தான பாறை, மறுபுறம் பஞ்சுப்பொதியாய் மேகம். மூணாறு முதல் போடிமெட்டு வரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர் சாலையை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்தார்கள். பயணம் சுகமாகிவிட்டது, உண்மை. ஆனால் அகலப்படுத்துவதற்காகப் பாறையை வெட்டிய ஆண்டுகளில் இந்த இடத்தில் மலை திரும்பத் திரும்பச் சரிந்தது. வெட்டுண்ட முகம் இன்னும் பச்சை பிடிக்காமல் நிற்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு மறுபக்கம் பெட்டிமுடியில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். பெரும்பாலும் கயத்தாறு பக்கத்துக் குடும்பங்கள். இந்த மலையில் சாலை போடுகிறவர்கள் அந்த இரவை ஒருபோதும் மறக்கக்கூடாது.

பெரியகானல், ஆனையிறங்கல் அணை, பூப்பாறை. அணையின் பெயரே சொல்வதுபோல் அது யானைகள் இறங்கும் பூமி. சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பழகிய அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கிக் கம்பம் தெருவுக்குள் வந்துவிட்டது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. மாநில எல்லை என்பது அந்த யானைக்கு எங்கே தெரியும்!

போடிமெட்டில் எல்லைச் சாவடி. டீக்கடை வாசலில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துப் பெண்கள். விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் ஏறி, கேரளத்துத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. டீ குடிக்க இறங்கிய ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"தினமும் இப்படித்தானாக்கா?"

"பழம் எடுக்குற காலத்துல தினமும்தாண்ணே. மழை ஊத்துனாலும் போகணும். கொரோனாவுல எல்லைய அடைச்சாக பாருங்க, அப்பத்தான் வீட்டுல சும்மா இருந்தது. சும்மா இருந்தா வயிறு சும்மா இருக்குமா?"

அவர் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறை. ஏலச்செடியில் காய் தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் பறிக்க வேண்டும். எல்லாக் காயும் ஒன்றாகப் பழுப்பதில்லை. பழுத்ததை மட்டும் விரலால் தடவித் தேர்ந்து எடுக்க வேண்டும். மழையில் அட்டை வேறு. அப்படி எடுத்த பச்சைக்காய் ஏறக்குறைய ஐந்து கிலோவை ஸ்டோர் என்னும் உலர்கூடத்தில் காயவைத்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். அதற்கு விலை வைப்பது கேரளத்தில் புற்றடியிலும் தமிழ்நாட்டில் போடியிலும் நடக்கும் ஏலங்களில். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் காய் இந்தச் சாலையை எத்தனை முறை கடந்து வருகிறது என்பதை இங்கே வந்துதான் விளங்கிக்கொண்டேன்.

போடிமெட்டிலிருந்து பதினேழு கொண்டையூசி வளைவுகள். புலியூத்து தாண்டி முந்தல் வந்ததும் காற்று மாறிவிடுகிறது. மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தவர்கள் ஜன்னலைத் திறக்கிறார்கள். மழை மேகமெல்லாம் மலைக்கு மேற்கிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்கே வெறும் காற்றை அனுப்புகிறது. இங்கிருந்து கடல்வரை இந்தச் சாலை காயக் காயத்தான் போகும்.

போடிக்கு 1928இல் மதுரையிலிருந்து ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போரில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010 டிசம்பர் 31உடன் மீட்டர்கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதையில் மறுபடி ரயில் வர 2023 ஜூன் 15 வரை போடி காத்திருந்தது. நாட்டுக்கு ஏலக்காய் அனுப்பும் ஊருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில் இல்லாமல் இருந்தது எனக்கு மன்னிக்க முடியாத தாமதமாகவே படுகிறது.

தேனி தாண்டிக் குன்னூரில் வைகைப் பாலம். பஸ் நின்ற இரண்டு நிமிடத்தில் ஆற்றைப் பார்த்துக்கொண்டேன். சென்ற வாரம் நேரியமங்கலத்தில் நாம் கடந்த பெரியாறு அரபிக்கடலுக்குப் போகிற ஆறு. அதன் தண்ணீரில் ஒரு பங்கை பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 முதல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிடுகிறது. அந்தத் தண்ணீர் இங்கே வைகையில் கலந்து போகிறது. மேற்கே பாலத்தில் கடந்த ஆற்றைக் கிழக்கே வேறொரு பாலத்தில் மறுபடி கடக்கிற சாலை இது. இதற்குப் பிறகு வைகை நம்மை விடுவதில்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் கொஞ்சம் விலகினாலும் மதுரையில் சேர்ந்துகொள்கிறது. திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று கூடவே வந்து, கடலைப் பார்க்குமுன்பே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது.

மதுரையைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய உண்டு. எனக்கு அங்கே தேவைப்பட்டது ஒரு செய்தி மட்டும். 2010இல் நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளுக்கு எண் மாற்றியபோது 49 என்ற எண் போய்விட்டது. கொச்சியிலிருந்து வரும் சாலை 85 ஆகி, சிவகங்கை, காளையார்கோவில் வழியாகத் தொண்டிக்குத் திரும்பிவிட்டது. ராமேஸ்வரம் சாலை தனியாக 87 ஆனது. நிர்வாகத்துக்கு அது வசதியாக இருக்கலாம். மலையிலிருந்து மணல்வரை ஒரே சாலையாக இருந்த வரலாறு அத்தோடு பலகைகளிலிருந்து மறைந்தது.

மானாமதுரையில் கடத்துக்கும் பானைக்கும் பேர்போன மண். பரமக்குடி தாண்டினால் சீமைக்கருவேலம், பனை, மிளகாய்க் களம். அரசு ஊழியர்கள் ஒரு காலத்தில் தண்டனை மாற்றலாக நினைத்து அஞ்சிய சீமை இது. காவிரித் தண்ணீரைக் குழாயில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் வழியாகக் கொண்டுவந்த பிறகுதான் குடிநீர்த் துயரம் ஓரளவு தணிந்தது. சாலையோரம் குடங்களை வைத்துக் கட்டிய தள்ளுவண்டிகளை இன்னும் பார்க்கலாம்.

மண்டபத்தில் இறங்கிவிட்டேன். இங்கே ஒரு முகாம் இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஆட்களைக் கப்பலேற்றுமுன் நாள்கணக்கில் நிறுத்திவைத்த இடம். காலரா, பிளேக் இருக்கிறதா என்று சோதித்து, துணிமணிகளை மருந்தில் நனைத்து, உடம்பு சரியென்றால்தான் அனுப்புவார்கள். என் பெரிய தாத்தா, அதாவது தாத்தாவின் அண்ணன், இங்கே அடைபட்டுக் கிடந்ததைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுவார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தோட்டத்தில் பட்ட பாட்டைவிட, மனிதரை மாட்டைப்போல் வரிசையில் நிறுத்திப் பார்த்ததுதான் அவர் மனதில் தங்கியது. அதே முகாமில்தான் இலங்கைப் போருக்குத் தப்பி வந்த தமிழர்கள் 1980களிலிருந்து தங்கவைக்கப்பட்டார்கள். இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. வாசலில் நின்று திரும்பினேன்.

பாம்பனில் மூன்று பாலங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம். 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்த, 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சாலைப் பாலம். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலம். சாலைப் பாலம் வரும்வரை இந்த நெடுஞ்சாலை கடலில் அறுந்துதான் கிடந்தது. தீவுக்குப் போக ரயில் அல்லது படகு.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அரசுப் பேருந்து போகிறது. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் முன்பு சாலை கிடையாது. வேன்காரர்கள் மணலிலும் தண்ணீரிலும் ஓட்டிப்போவார்கள். 9.5 கிலோமீட்டர் சாலை போட்டு 2017 ஜூலை 27 அன்று திறந்த பிறகுதான் பஸ் அரிச்சல்முனைவரை போக முடிகிறது. வலப்பக்கம் மன்னார் வளைகுடா. ஆண் கடல் என்கிறார்கள், எப்போதும் இரைச்சல். இடப்பக்கம் பாக் நீரிணை, பெண் கடல், குளம்போல் அசையாமல். நடுவே ஒரு கீற்று மணல், அதன்மேல் தார். காற்றுக் காலத்தில் மணல் சாலையில் ஏறிவிடும். அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய ஊர் நின்ற இடத்தில் இறங்கினேன். மாதா கோவிலின் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த்தொட்டி. பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்களைக் காற்று அரித்திருக்கிறது. தொட்டால் உதிர்கிறது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் கடலுக்குள் போனது. ஊரே அழிந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் கறம்பக்குடியைத் தாண்டிய இரவை நான் பார்த்திருக்கிறேன். தென்னையும் பலாவும் வேரோடு விழும் சத்தம் விடியும்வரை ஓயவில்லை. ஆனால் எங்களுக்குக் காலடியில் மண் இருந்தது. இங்கே அதுகூட இல்லை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்றுதான் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று இரு அரசுகளும் முடிவு செய்தன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் முடிவதற்குள் அவர்களின் முன்னோர் கப்பலேறிய துறையே கடலோடு போய்விட்டது. திரும்பி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் வழியாக எங்கெங்கோ சிதறினார்கள். நீலகிரித் தோட்டங்களுக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர். மறுபடி தேயிலை, மறுபடி மலை.

இடிபாடுகளுக்குப் பக்கத்தில் மீனவர் குடிசைகள் இருக்கின்றன. இரண்டு கடலுக்கும் நடுவே ஒரு பாட்டி மணலில் கை நுழையும் அளவு மட்டும் தோண்டிய ஊற்றிலிருந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உப்புக் கரிக்காதா ஆத்தா?"

"குடிச்சுப் பாருய்யா."

கரிக்கவில்லை. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். மெதுவாக, மேலாக மொள்ள வேண்டும். மின்சாரமும் குழாயும் எட்டாத காலம் முழுக்க இந்த ஜனங்களைக் காப்பாற்றியது இந்த அறிவுதான்.

அரிச்சல்முனையில் சாலை ஒரு வட்டமடித்து முடிகிறது. நடுவில் நான்முகச் சிங்கத் தூண். எதிரே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார். மாலையானதும் போலீசார் எல்லோரையும் கிளப்பிவிடுகிறார்கள். கடைசி பஸ்ஸில் ராமேஸ்வரம் திரும்பிவிட்டேன்.

இனி மிச்சமிருப்பது தொண்டிக்குத் திரும்பிய கிளை. ரயிலும் கப்பலும் வருவதற்கு முன், தொண்டியிலும் எங்கள் மாவட்டத்து அம்மாபட்டினத்திலும் பாய்மரத் தோணி ஏறித்தான் முதல் கூட்டத்தார் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். மதுரையிலிருந்து காளையார்கோவில், திருவாடானை வழியாக அந்தக் கடற்கரைக்கு அடுத்த வாரம் போவோம்.