புத்துமலையில் ஒரு பகல்

பந்தலூருக்கு அருகே என் பழைய மாணவர் ஒருவர் வீடு கட்டிக் குடிபுக இருந்தார். "ஹஜ்ரத் அவசியம் வந்து துஆச் செய்ய வேண்டும்" என்று இரண்டு முறை அழைத்துவிட்டார். ஒரு நாள் முன்னதாகவே புறப்பட்டேன். வயநாட்டில் நான் பார்க்க விரும்பிய இடம் ஒன்று இருந்தது. பந்தலூரில் அவரும் என்னுடன் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

சேரம்பாடியைக் கடந்தால் சோலாடிச் சோதனைச் சாவடி. அதற்கப்பால் கேரளம். வடுவஞ்சால் வழியாக மேப்பாடி சென்று, அங்கிருந்து ஜீப்பில் புத்துமலையை அடைந்தோம்.

2019 ஆகஸ்டு 8 அன்று புத்துமலை சரிந்து 17 பேரை விழுங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, பக்கத்து ஊர்களின் ஜனாஸாக்களையும் அந்த மண்ணே ஏற்க நேர்ந்தது. 2024 ஜூலை 30 அன்று நள்ளிரவு கடந்து முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவில் 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடையாளம் தெரியாத உடல்களும் உறுப்புகளும் இங்கே நல்லடக்கம் செய்யப்பட்டன. யார் எந்தச் சமயத்தவர் என்று அறிய வழியில்லை. ஆகவே எல்லாச் சமயத்தாரும் நின்று பிரார்த்தித்தனர். தலைமாட்டில் பெயருக்குப் பதில் எண்களை எழுதி வைத்தார்கள். பின்னர் மரபணுச் சோதனையால் சிலருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. வரிசை வரிசையாக இருந்த அந்த அடக்கத்தலங்களின் நடுவே நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

பிறகு சூரல்மலைக்குச் சென்றோம். கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் பிளந்த மண்ணும் பாறையும் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் ஓடியதாகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. வெள்ளம் அடித்துச் சென்ற உடல்கள் மலைக்குக் கீழே நிலம்பூர்ப் பகுதியில், சாலியாற்றில் மீட்கப்பட்டன. உச்சியில் பெய்த மழைக்கும் அடிவாரத்து ஊருக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் சொல்லும்?

மலைச்சரிவில் கடினமான பாறையின் மீது மண் போர்த்தியிருக்கிறது. மழைநீர் மண்ணில் இறங்கிப் பாறையில் தேங்கும்போது மண் கனக்கிறது. துகள்களுக்கிடையே நீரின் அழுத்தம் ஏறுகிறது. மண்ணை மலையோடு பிணைத்திருந்த பிடி தளர்கிறது. நீர் வடிய ஓடைகள் திறந்திருந்தால் மலை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஓடையை மூடி, சரிவின் அடியை வெட்டி, மேலே சுமையேற்றினால் எத்தனை நாள் தாங்கும்?

நிலச்சரிவின் மணித்துளியை எவரும் கணித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து நெருங்குவதை அறிய முடியும். கல்பற்றாவிலுள்ள ஹியூம் சூழலியல் மையம் வயநாடு முழுவதும் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளந்து வருகிறது. அளப்பவர்களில் பலர் சாதாரண விவசாயிகள். 2020-இல் இதே முண்டக்கையில் மலை சரிந்தபோது, மக்கள் முன்னரே வெளியேறியிருந்ததால் உயிர்கள் தப்பின. 2024-இலும் சரிவிற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அருகிலிருந்த மழைமானி 572 மில்லிமீட்டர் காட்டியது. ஜூலை 29 காலையிலேயே எச்சரித்ததாக அந்த மையம் பின்னர் தெரிவித்தது. எனினும் அன்றிரவு அத்தனை பேர் தத்தம் வீடுகளில்தான் உறங்கினார்கள்.

நீலகிரி மட்டும் விலக்கா? 2009 நவம்பரில் அங்கே 40-க்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் புதைந்து மாண்டதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

மாலையில் பந்தலூர் திரும்பினோம். புது வீடு அழகாகவே இருந்தது. சரிவைச் செங்குத்தாக வெட்டிச் சமன்செய்த மனை. பின்புறம் சென்று பார்த்தேன். மேலிருந்து இறங்கிய ஒரு தடம், சமையலறைச் சுவரில் முட்டி நின்றது. சுவரின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்.

"தம்பி, இங்கே ஓர் ஓடை இருந்ததல்லவா?"

"மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஹஜ்ரத். இடம் போதாமல் மண் நிரப்பினோம்" என்றார். தலை கவிழ்ந்தது.

அவர் மனைவியும் கைக்குழந்தையும் வாசலில் நின்றிருந்தனர். வெளிநாட்டில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் அது. துஆவுக்கென வந்த வீட்டில் இத்தகைய சொல்லைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. ஆயினும் காலையில் கண்ட எண்கள் என் கண்ணை விட்டு அகலவில்லை. "ஓடையைத் திறந்துவிடுங்கள். ஒரு பொறியாளரை அழைத்துச் சரிவைக் காட்டுங்கள். அதுவரை குடிபுக வேண்டாம்" என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. அன்றிரவு அவருடைய தகப்பனார் வீட்டில் தங்கினோம். உணவின்போதும் அதிகம் பேச்சில்லை.

சகோதர சகோதரிகளே! மலையில் வாழும் உறவினர் உங்களுக்கும் இருக்கலாம். மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தால், தரையில் புது விரிசல் கண்டால், கதவுகள் திடீரென இறுகினால், தெளிந்த ஊற்று கலங்கினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம் எனச் சொல்லுங்கள். நேரான பக்கங்களுள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, தேங்கிய நீரை அளவுகோலால் அளந்தாலே அன்றைய மழை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும்.

இரண்டு மாதங்களுக்குப் பின் என் மாணவரிடமிருந்து கடிதம் வந்தது. "ஹஜ்ரத், பொறியாளர் வந்து பார்த்தார். சமையலறையை இடித்து ஓடையைத் திறந்துவிட்டோம். வீட்டில் எல்லோருக்கும் வருத்தம்தான். வாசலில் ஒரு பாத்திரம் வைத்திருக்கிறேன். தினமும் சுபுஹு தொழுத பின் அளந்து எழுதுகிறேன். நேற்று 64 மில்லிமீட்டர். ஓடையில் தண்ணீர் நன்றாகப் போகிறது. இப்போது வந்து துஆச் செய்யுங்கள்."