மீன் இல்லை, மீன் தண்ணீர் மட்டும்

ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு கடைத்தொகுதியின் அடித்தளத்தில் அந்த ஜப்பானிய உணவகம் இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை; சொன்னால் இது புகார்க் கடிதமாகிவிடும். வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே பிளாஸ்டிக்கில் செய்த சாப்பாடு வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பொன்னிறத் தெம்புரா, பளபளக்கும் சோறு, அந்தரத்தில் நிற்கும் குச்சிகளில் தொங்கும் நூடல்ஸ். ஜப்பானில் இது ஒரு தனிக் கைத்தொழில். கிஃபு மாநிலத்தில் குஜோ ஹாச்சிமான் என்ற சிற்றூர் இந்தப் பொம்மைச் சாப்பாட்டுக்காகவே பெயர் பெற்றது.

அம்மா அந்தப் பக்கம் எப்போது வந்தாலும் அலமாரி முன்னால் நின்றுவிடுவார். உள்ளே போகலாமா என்றால், “வேடிக்கை பாக்கத்தானேம்மா” என்று நகர்ந்துவிடுவார்.

போன மாதம் அவர் பணி ஓய்வு பெற்றார். பாலர் பள்ளியில் 29 ஆண்டுகள். அப்பா காலமான பிறகு வீட்டில் நாங்கள் மூவர்தான். எங்கே சாப்பிடப் போகலாம் என்று தம்பி கேட்டபோது, வழக்கம்போல சிராங்கூன் ரோட்டுக் கடை எதையாவது சொல்வார் என்று நினைத்தோம். “அந்தப் பொம்மைச் சாப்பாட்டுக் கடைக்கு” என்றார்.

எங்கள் பாட்டி இருந்திருந்தால் சிரித்திருப்பார். பாட்டியைப் பொறுத்தவரை ஜப்பான்காரன் சாப்பாடு என்றால் ஒன்றே ஒன்றுதான்: மரவள்ளிக்கிழங்கு. 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காத அந்த மூன்றரை ஆண்டுகளில் தின்று தின்று வெறுத்ததை அதன் பிறகு அவர் வீட்டுக்குள்ளேயே விடவில்லை. அவருடைய மகள் ஆசைப்பட்டு ஜப்பானியக் கடைக்குப் போகிறார் என்பதே எனக்குச் சற்று வேடிக்கையாக இருந்தது.

அம்மா சைவம். எங்கள் வீட்டில் அவர் மட்டும்தான். மீன் வாங்கிக் கழுவி எங்களுக்குக் குழம்பு வைத்துத் தருவார், தான் மட்டும் தொடமாட்டார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். சைவம் என்பதால் முன்கூட்டியே உணவகத்தின் பட்டியலைப் பார்த்து வைத்திருந்தேன். ‘காய்கறித் தெம்புரா செட்’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலைக் குறி இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மாலை. உள்ளே நுழைந்ததும் நான்கைந்து ஊழியர்கள் ஒரே குரலில் “இராஷ்ஷாய்மாசே!” என்று முழங்கினார்கள். ‘வாருங்கள்’ என்று பொருள். முழங்கியவர்களில் ஒருவர்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு நிமிடம் நின்றோம். பிறகு ஒருவர் வந்து மேசையைக் காட்டி, அதில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டையும் காட்டிவிட்டுப் போனார். கைப்பேசியில் நாமே பார்த்து, நாமே தட்டி அனுப்ப வேண்டும். அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கி என் கைப்பேசியை எட்டிப் பார்த்துக்கொண்டே, “பேசுறதுக்கு யாருமே இல்லையா?” என்றார்.

நான் ஓர் இளைஞரைக் கையசைத்து அழைத்தேன். பகுதிநேர ஊழியர் என்று பார்த்தாலே தெரிந்தது. சட்டை மடிப்புகூடக் கலையவில்லை. வானொலியில் வாரத்தில் ஐந்து நாள் கேள்வி கேட்பதுதான் எனக்குச் சம்பளம். அன்று நான் கேட்ட கேள்வி: “இந்த செட்டில் மீனோ இறைச்சியோ இருக்கிறதா?”

“நோ மீட், நோ ஃபிஷ். வெஜிடேரியன், கேன்” என்றார் அவர்.

முதலில் வந்தது என் சிராஷி. சோற்றின் மேல் பச்சை மீன் துண்டுகள் பரப்பிய கிண்ணம். அந்தச் சோறு உடல் சூட்டில் இருக்க வேண்டும். எனக்கு வந்தது குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக வந்ததுபோல் பருக்கை பருக்கையாக விறைத்திருந்தது. பன்னிரண்டு நிமிடம் கழித்துத் தம்பியின் கறி. அன்றைய மேசையில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானியர் கறி உண்ணப் பழகியது பிரிட்டிஷார் வழியாக. ஆனால் தோக்கியோவின் நாகமுராயா கடையில் 1927இல் இந்தியக் கறியை அறிமுகப்படுத்தியவர் ராஷ் பிஹாரி போஸ். அதே போஸ்தான் 1943 ஜூலை 4ஆம் தேதி இதே சிங்கப்பூரில், கேத்தே கட்டடத்தில், இந்தியச் சுதந்திரக் கழகத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்தார். ஒரு நிகழ்ச்சிக்காகப் படித்து வைத்திருந்தேன். தம்பியிடம் சொன்னேன். “சாப்பிடவிடுக்கா” என்றான்.

அம்மாவின் தட்டு வந்தபோது நாங்கள் இருவரும் ஏறக்குறைய முடித்திருந்தோம். தெம்புரா என்பது மாவைக் குளிர்ந்த நீரில் அரைகுறையாகக் கலக்கி, பொரித்த கையோடு உண்ண வேண்டிய பண்டம். போர்த்துகீசியர் வழியாக நாகசாகிக்கு வந்து, ஜப்பானியர் கையில் மெல்லிசாக மாறியது என்பார்கள். எங்களுக்கு வந்தது மெல்லிசாக இல்லை. மேல்மாவு தனியே கழன்றது, பரங்கிக்காய் வேகவில்லை, அடியில் விரித்த காகிதம் எண்ணெயில் கண்ணாடியாகிவிட்டிருந்தது. தேக்காவில் மத்தியானம் மூன்று மணிக்கு மிஞ்சிக் கிடக்கும் வாழைக்காய் பஜ்ஜி இதைவிட மொறுமொறுப்பாக இருக்கும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மீசோ சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தை வைத்தார். பிறகு தண்ணீர் குடித்தார். முழுக் குவளையையும்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. சூடு.”

சூடு இல்லை அது. ஆறிப்போன சூப்பு என்பது ஆவி பறக்காததிலேயே தெரிந்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் தோழிகளுடன் கியோத்தோ போயிருந்தேன். நான்சென்ஜி ஆலயத்துக்குப் பக்கத்தில் வெறும் தோஃபுவை நீரில் சூடாக்கித் தரும் ஒரு பழைய கடை. எங்களில் ஒருத்தி சைவம். அவள் வாய் திறப்பதற்கு முன்பே, பரிமாறிய மூதாட்டி ஓர் ஆங்கில அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் தாஷி இருக்கிறது, பரவாயில்லையா, இல்லாவிட்டால் வேறு தருகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. தாஷி என்பது ஜப்பானியச் சமையலுக்கு அடித்தளமான சாறு. பெரும்பாலும் கொம்பு என்னும் கடற்பாசியும், கத்சுவோபுஷி என்னும் உலர்ந்த சூரை மீன் சீவலும் சேர்த்து இறக்குவார்கள். மீசோ சூப்பில் அது இருக்கும், தெம்புராவைத் தோய்க்கும் சாற்றில் இருக்கும். கண்ணுக்கு ஒரு மீன் துண்டுகூடத் தெரியாது. பௌத்த ஆலயச் சமையலில் மட்டும் மீனை விட்டுவிட்டுக் கொம்பும் காய்ந்த காளானும் போடுவார்கள். அந்த மூதாட்டிக்கு டிப்ஸ் வைக்கக்கூட முடியாது. அங்கே அந்தப் பழக்கம் இல்லை.

இத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் ‘மீன் இருக்கிறதா’ என்று கேட்டேனே தவிர, ‘தாஷி எதில் செய்தது’ என்று கேட்கவில்லை.

அந்த இளைஞரை மறுபடி அழைத்தேன். அவருக்குத் தெரியவில்லை, உள்ளே போய்க் கேட்டார், மேலாளர் வந்தார். சூப்பில் மீன் சாறு இருக்கிறதா என்றதற்கு, இருக்கிறது என்றார். பிறகு பச்சை இலைக் குறி எதற்கு என்றேன்.

“மீன் இல்லை, மேடம். மீன் தண்ணீர் மட்டும்” என்றார் அவர், ஆங்கிலத்தில், சிரித்தபடி. “பலர் இதைப் பெரிதுபடுத்துவதில்லை.”

வேலை நாள்களில் மட்டும் செல்லுபடியாகும் பத்து விழுக்காட்டுக் கழிவுச் சீட்டு ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அந்த இளைஞர் மட்டும் நகராமல் முகம் சிவந்து நின்றார். அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்து, “நெவர் மைண்ட் பாய், யூ டோன்ட் நோ” என்றார். 29 ஆண்டுகள் நான்கு வயதுப் பிள்ளைகளிடம் பேசிய குரல் அது.

பில் 84 வெள்ளி 40 காசு. மூவருக்கும் ஊற்றிய பச்சைத் தேநீருக்கு ஆறு வெள்ளி இதில் அடக்கம், கேட்காமலே ஊற்றியது. அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். பிறகு சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வந்த தொகைக்கு ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி. ஆக 101 வெள்ளி 20 காசு. பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு கூட்டல் குறிகள் கிட்டத்தட்ட இருபது விழுக்காடு. நாமே ஆர்டர் எடுத்து, நாமே ஊழியரைத் தேடிப் பிடித்த ஒரு மாலைக்குச் சேவைக் கட்டணம் ஏன் என்று கேட்க வாய் வந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்தார். கட்டினேன்.

ஈசூன் போகும் எம்ஆர்டியில் இடம் கிடைத்தது. இரண்டு நிலையம் தாண்டிய பிறகு அம்மாவாகவே பேசினார்.

“மொத வாய்லயே தெரிஞ்சிருச்சு. மாசி வாசனை.”

அம்மாவின் ஆயா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டு அவர் செய்யும் சம்பலுக்காக அம்மா பள்ளிவிட்டு ஓடிவருவாராம். மாசியும் கத்சுவோபுஷியும் ஒரே சூரை மீன்தான். இரண்டையுமே அவித்து, புகையில் வாட்டி, கட்டைபோல் காயவைப்பார்கள். 27 ஆண்டுகளாக மீனை வாயில் வைக்காதவருக்கு அந்த வாசனை மறக்கவில்லை.

“அப்ப ஒங்களுக்கு மீன் பிடிக்குமா?” தம்பி கேட்டான். “பிடிக்காதுன்னுல்ல நெனச்சேன்.”

அம்மா என்னைப் பார்த்தார். தம்பி ஏழு மாதத்தில் பிறந்தவன். நான் அப்போது தொடக்கநிலை இரண்டில் இருந்தேன். மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கிடந்ததும், அம்மா சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் நின்று அழுததும் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. மிகவும் பிடித்ததை விட்டுவிடுகிறேன் என்று அன்று வேண்டிக்கொண்டார். தம்பியிடம் இதை யாரும் சொன்னதில்லை. அன்றும் அம்மா முழுதாகச் சொல்லவில்லை. “ஒனக்காக ஒரு வேண்டுதல்” என்றதோடு நிறுத்திக்கொண்டார். தம்பி ஈசூன் வரும்வரை கைப்பேசியை எடுக்கவே இல்லை.

“தெரியாம நடந்ததுதானே, பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்” என்று வீட்டில் அம்மாதான் எனக்குச் சமாதானம் சொன்னார். ஆனால் மறுநாள் அவர் பசியாறவில்லை. மதியமும் சாப்பிடவில்லை. மாலையில் தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார்.

அந்தக் கழிவுச் சீட்டு குப்பைக்குப் போனது. உணவகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், அந்த இலைக் குறியைப் பற்றி மட்டும். பதில் இல்லை. சென்ற வாரம் இணையத்தில் பார்த்தேன். இலை அப்படியே இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, அம்மாவை வாட்டர்லூ ஸ்திரீட்டுக்கு அழைத்துப் போனேன். சீனர்களும் ஊதுபத்தி ஏந்தி வணங்கும் கிருஷ்ணன் கோயில், அதற்கு அடுத்தாற்போல் குவான் இம் கோயில், சுற்றிலும் பூக்கடைகள். பக்கத்தில் இருப்பது மிடில் ரோடு. போருக்கு முன் ஜப்பானியர் கடைகளும் விடுதிகளும் நிறைந்திருந்த பகுதி அது. இன்று அங்கே ஃபார்ச்சூன் சென்டர் என்ற பழைய கட்டடத்தில் சைவக் கடைகள்தான் நிறைந்திருக்கின்றன. அக்கம்பக்கத்துச் சைவக் கடை ஒன்றில் ஜப்பானிய பாணியில் ஊடோன் நூடல்ஸ் கிடைக்கும் என்று சக அறிவிப்பாளர் சொல்லியிருந்தார்.

பிளாஸ்டிக் நாற்காலி. கண்ணாடி அலமாரி இல்லை, முழக்கம் இல்லை. சுவரில் மங்கிப்போன படங்கள். நான் பேச வாயெடுப்பதற்குள் அம்மா கல்லாவில் நின்ற மூதாட்டியிடம் போய்விட்டார்.

“ஆன்ட்டி, தாஷி காட் ஃபிஷ் ஆர் நாட்?”

மூதாட்டி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கறுத்த பட்டையையும் நாலு காய்ந்த காளானையும் கொண்டுவந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். “திஸ் ஒன் ஒன்லி. கொம்பு.”

“கொம்பா?” அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “மாட்டுக் கொம்பா?”

விளக்கினேன். கடற்பாசியை மோந்து பார்த்துத் திருப்திப்பட்டார். ஊடோன் ஆவி பறக்க வந்தது. மூன்று கிண்ணமும் ஒன்றாக. அம்மா கிண்ணத்தைத் தூக்கி முதலில் சாற்றைக் குடித்தார். நானும் தம்பியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நல்லாருக்கு” என்றார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கொஞ்சம் மாசி போட்டா இன்னும் நல்லாருக்கும்” என்றார்.