மண் வண்டியும் தார் ரோடும்

போன மாதம் மாவட்டக் கபடிப் போட்டியில் நம்ம பள்ளி முதல் சுற்றிலேயே தோற்றது எல்லோருக்கும் தெரியும். "ஏன்டா தோத்தீங்க?" என்று நிறைய பேர் கேட்டீர்கள். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம்ம கிரவுண்ட் மண். வெறுங்காலோடு பாடிப் போய், காலைச் சறுக்கி நீட்டித் தொட்டுவிட்டு வருவேன். அதுதான் என் பலம். அங்கே ஷூ போட்டு மேட்டில் ஆட வேண்டும். அதே மாதிரி சறுக்கினேன். ஷூ மேட்டைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. கால் நின்றது, உடம்பு மட்டும் முன்னால் போனது. மூன்று தடவை போய் மூன்று தடவையும் அவுட்! வீட்டுக்கு வந்து, "இனிமே கபடியே வேணாம்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பெரியப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். சின்ன வயதில் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த கார் ரேஸ்களை விடாமல் பார்த்தவர். அவர்தான் இந்தக் கதையைச் சொன்னார்.

அமெரிக்காவில் 'மிட்ஜெட்' என்று ஒரு குட்டி ரேஸ் கார் உண்டு. சக்கரத்துக்கு மேல் மட்கார்டு கிடையாது. வட்டமான மண் பாதையில் இடது பக்கமே திரும்பித் திரும்பி ஓடும். மண்ணில் டயருக்குப் பிடி கம்மி. அதனால் பின்பக்கத்தை வேண்டுமென்றே சறுக்க விட்டு வளைப்பார்கள். பின்னால் வலது டயர் இடது டயரைவிடப் பெரிசு. பேப்பர் கப்பைத் தரையில் உருட்டினால் வட்டமாகத்தானே போகும்? அதே கணக்கு!

தார் ரோட்டில் கணக்கு மாறிவிடும். தார் டயரை இறுக்கிப் பிடிக்கும். உயரமான வண்டி வளைவில் சாயப் பார்க்கும். அதனால் வண்டியைத் தாழ்த்தி, ஸ்பிரிங், டயர் எல்லாம் மாற்ற வேண்டும். வலது பக்கமும் திரும்புகிற பாதை என்றால் அந்தப் பெரிய டயர், சின்ன டயர் வித்தியாசம் உதவாது. வேகம் கூட்டிக் குறைக்க நிறைய கியரும் வேண்டும்.

ராட்ஜர் வார்ட் என்ற வீரர் 1959-ல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ஜெயித்தவர். அதே வருடம் ஜூலையில் லைம் ராக் என்ற சின்ன தார்ப் பாதையில், மிட்ஜெட்டை ஓட்டியே மசராட்டி, ஆஸ்டன் மார்ட்டின் கார்களைத் தோற்கடித்தார். அந்தத் தைரியத்தில் டிசம்பர் 12 அன்று செப்ரிங்கில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்துக்கும் மிட்ஜெட்டையே கொண்டுபோனார். சோழவரம் மாதிரி அதுவும் பழைய விமானத் தளம். சுற்று 8 கிலோமீட்டருக்கு மேல். நீண்ட நேர் ரோடு, பிறகு திடீர் வளைவு. இவர் வண்டியில் இரண்டே கியர் கொண்ட கியர்பாக்ஸ். தகுதிச் சுற்றில் முதலில் வந்த ஸ்டிர்லிங் மாஸைவிட 43.8 விநாடி பின்தங்கி, 19 பேரில் கடைசி! பந்தயத்திலும் பாதியில் கிளட்ச் போய் நின்றுவிட்டார். இன்ஜின் பின்னால் இருந்த கூப்பர் காரில் 22 வயது புரூஸ் மெக்லாரன் ஜெயித்தார்.

"அப்புறம் வார்ட் வுட்டுட்டாரா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"எங்கடா வுட்டாரு! தன்னைத் தோக்கடிச்ச வண்டியையே உத்துப் பாத்தாரு. அதை ஓட்டுன ஜாக் பிராபமை இண்டியானாபோலிஸுக்கு வாங்கன்னு கூப்ட்டாரு. 1961-ல பிராபம் அங்க 9-வதா வந்தாரு. 1964-ல வார்டே பின்பக்க இன்ஜின் காரை ஓட்டி 2-வதா வந்தாரு. மண்ணுக்குச் செஞ்ச வண்டி மோசமில்லடா. மாத்தாம ஓட்டுனதுதான் தப்பு."

மறுநாள் பி.டி. சாரிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. பக்கத்துக் கல்லூரியில் கேட்டு, சனிக்கிழமைகளில் மேட்டில் ஆட அனுமதி வாங்கித் தந்திருக்கிறார். இப்போது குனிந்து, சின்னச் சின்ன அடியாக வைத்துப் பாடுகிறேன். ஐந்து தடவை போனால் இன்னும் இரண்டு தடவை மாட்டிக்கொள்கிறேன். பரவாயில்லை, முன்னே மூன்றுக்கு மூன்று!

நம்ம மண்ணில் கற்றது வீணில்லை நண்பர்களே. அடுத்த போட்டிக்குக் கட்டாயம் பார்க்க வாருங்கள்.

- கபடி அணி மாணவன்,
11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு